ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் குழப்பம்

பத்தாவது படிக்கும் என் மகள், கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இந்த மூன்று வாயுக்களின் வேதி வாய்பாட்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். மனப்பாடம் தவிர வேறு வழி உண்டா?

பதில் 1: மனப்பாடமே வேண்டாம். கார்பனுக்கு நான்கு கைகள் என்று சொல்லிவிட்டு, இரண்டு கார்பனுக்குப் பதிலாக ஊறவைத்த கொண்டைக்கடலை இரண்டும் ஈர்க்குச்சியும் கொடுங்கள். நடுவே ஒரு குச்சி குத்தினால் மீதி ஆறு கை, அதாவது 6 ஹைட்ரஜன், ஈத்தேன். இரண்டு குச்சி என்றால் 4, ஈத்தீன். மூன்று என்றால் 2, ஈத்தைன். என் மகனுக்கு மூன்றாவது குச்சியில் கடலை பிளந்துவிட்டது, ஆனால் பாடம் மனதில் நின்றுவிட்டது.

பதில் 2: அப்புறம் வாழைக்காயைப் பழுக்கவைப்பது ஈத்தீன், வெல்டிங் பட்டறை அசிட்டிலீன்தான் ஈத்தைன் என்றும் சொல்லுங்கள்.

பதில் 3: இவற்றைப் பிரித்தறியும் சோதனையில், செம்பழுப்பு புரோமின் நீர் ஈத்தீன், ஈத்தைன் இரண்டிலுமே நிறமிழக்கும். பலர் ஈத்தைனை விட்டுவிடுகிறார்கள்.

கேட்டவர்: சரி, இன்றே கடலை ஊறப்போடுகிறேன், நன்றி!