புதுப்பிப்பு: குடும்பிமலையில் பழகி மோன் பிளாங் போய் வந்தேன்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு மோன் பிளாங் சுற்றுப்பாதைக்கு (ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றிப் பல நாள் நடக்கும் பாதை) எப்படிப் பழகுவது என்று முன்பு கேட்டிருந்தேன். குடும்பிமலையில் பை சுமந்து ஏறி இறங்கச் சொன்னீர்கள். செய்தேன், நன்றாகவே கைகொடுத்தது.

பிரான்சிலிருந்து இத்தாலிக்குள் போன நாள்தான் கடினம். 2443 மீட்டரில் இருக்கும் போனோம் குடிலிலிருந்து (மலை நடப்பவர்கள் இரவு தங்கும் விடுதி) விடியவே புறப்பட்டு, பனித்திட்டுகள் மிச்சமிருந்த ஃபூர் கணவாயைத் (2665 மீட்டர்) தாண்டினோம். அப்புறம் ஏறக்குறைய 900 மீட்டர் இறக்கம். ஏற்றத்தைவிட இதுதான் முழங்காலைப் பதம் பார்த்தது. ஊன்றுகோல் இரண்டும் கட்டாயம் வேண்டும். கீழே போனதும் திரும்ப ஏற்றம், 2516 மீட்டர் செய்ன் கணவாய்க்கு. அந்தக் கணவாய்தான் எல்லை. அங்கே நின்று மோன் பிளாங்கின் இத்தாலிப் பக்கத்தைப் பார்த்ததும் கூட வந்த அக்கா அழுதே விட்டா.

இரவு எலிசபெட்டா குடிலில். கோடையில் குடில்கள் நிரம்பிவிடும், மாதக்கணக்கில் முன்பே பதிந்துவிடுங்கள்.