வாந்தி மாத்திரை வீட்டில் இருக்கலாமா, கூடாதா?

குலைக்காரன், தெலுக் இந்தான், மலேசியா:
போன வாரம் எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நடந்தது. பதினேழு பதினெட்டு வயதுப் பெண். சாயங்காலம் திடீரென்று கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண் இரண்டும் மேலே செருகிவிட்டன, வாய் கோணிப் பேச்சு குழறியது. ஆனால் நினைவு நன்றாக இருந்தது, கூப்பிட்டால் புரிந்துகொண்டாள். அவள் பாட்டி கோயில் பூசாரியை அழைக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓர் ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் கழுத்து நேராகிவிட்டது. வாந்திக்காகப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்ட மெக்ஸலோன் மாத்திரைதான் காரணமாம்.

அன்றிலிருந்து தோட்டமே அந்த மாத்திரையை விஷம் என்கிறது. என் வீட்டுக்காரியும் டப்பாவில் இருக்கும் மாத்திரை அட்டையைத் தூக்கிப்போடு என்று நிற்கிறாள். எத்தனை வருடமாக எல்லார் வீட்டிலும் இருக்கிற மாத்திரை! ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தால், மழையில் சேறாகிக் கிடக்கும் ரோட்டில் மோட்டாரை எடுத்துக்கொண்டு எந்த டாக்டரைத் தேடுவது? ஒருத்திக்கு ஆனதற்காக எல்லோரும் பயப்பட வேண்டுமா?

பழைய டிரசர்:
தம்பி, நான் தோட்டத்து மருந்தகத்தில் டிரசராக, நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பவனாக, தலை நரைத்தவன். இந்தக் கழுத்துத் திருகலை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்தவர்கள் பேய் என்பார்கள், வலிப்பு என்பார்கள். இரண்டும் இல்லை. மெக்ஸலோனில் உள்ள மருந்தின் பெயர் மெட்டோகுளோபிரமைட். வாந்தியைத் தூண்டுகிற டோபமின் என்ற பொருளை அது மூளையில் தடுக்கிறது. அதே டோபமின்தான் தசைகளின் அசைவையும் சீராக வைத்திருக்கிறது. அங்கேயும் தடுபட்டால் கழுத்து, கண், தாடை தானாக இழுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும், அதிலும் பெண்களுக்கு, அதிகம் வரும். பெரும்பாலும் மருந்து எடுத்த முதல் ஓரிரண்டு நாளில் வந்துவிடும். ஒரே மாத்திரையிலும் வரலாம். ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும், உண்மை. ஆனால் மூச்சுக்குழல் பக்கம் இறுகினால் நிலைமை வேறு.

குலைக்காரன்:
ஐயா, ஒரே மாத்திரையிலேயே வரலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் டாக்டர் கொடுத்தால் மட்டும் வராதா? டவுன் கிளினிக்கில் என்ன நடக்கிறது? இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, சின்ன பிளாஸ்டிக் பையில் மாத்திரையைப் போட்டு, மேலே 'மூந்தா' (மலாயில் வாந்தி) என்று எழுதித் தருகிறார்கள். மருந்தின் பெயர்கூடச் சில சமயம் இருக்காது. அதையே நான் பத்திரமாக வைத்துக் கொடுத்தால் குற்றமா?

மல்லிகை (மருந்தகத்தில் வேலை செய்பவள்):
அண்ணே, பையில் பெயர் இல்லையென்றால் அங்கேயே நின்று எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் டாக்டர் பார்ப்பது மாத்திரையை மட்டும் இல்லை, ஆளையும் பார்க்கிறார். இந்த மருந்துக்கு 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு போட்டது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 30, ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. வாந்தி எடுத்தவுடன் இன்னொன்று போட்டுவிடுகிறோமே, அங்கேதான் இடைவெளி போய்விடுகிறது. அறுபது கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த அளவும் குறைய வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் அப்படியே. வலிப்பு நோய் உள்ளவர்கள், நடுக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள், குடல் அடைத்துக்கொண்டவர்கள், இவர்களுக்கு ஆகவே ஆகாது. குடல் அடைப்பிலும் வாந்தி வருமே? இந்த மருந்து வயிற்றையும் குடலையும் வேகமாக அசைக்கும். டப்பாவைத் திறக்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பழைய டிரசர்:
அதோடு டிங்கியையும் (டெங்குக் காய்ச்சலையும்) சேர்த்துக்கொள்ளம்மா. காய்ச்சல்காரனுக்கு வாந்தி நிற்காமல் வந்தால் அது அபாய அறிகுறி. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் டிங்கியில் மோசமான நேரம். வீட்டில் காய்ச்சலும் விட்டது, மாத்திரை போட்டு வாந்தியும் நின்றது என்று நிம்மதியாகப் படுப்பார்கள், உள்ளே ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும்.

குலைக்காரன்:
டிங்கி சீசனில் காய்ச்சல் என்றால் நாங்களும் ரத்தம் சோதிக்கத்தான் போகிறோம், ஐயா. நான் கேட்பது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எதையோ தின்றுவிட்டு வருகிற வாந்தியைப் பற்றி.

வேலுவின் மகள்:
நடுவில் வருகிறேன். கழுத்துத் திருகலையே எல்லோரும் பேசுகிறீர்கள், அது ஊசியில் தீர்ந்துவிடும். என் அம்மாவுக்குத் தீரவில்லை. சீனி வியாதியால் வயிறு மெதுவாகி, சாப்பிட்டதெல்லாம் நெஞ்சிலேயே நின்றது. இந்த மாத்திரையில் சுகம் கண்டார். அப்புறம் டாக்டரிடம் கேட்காமலே அங்கங்கே வாங்கி மாதக்கணக்கில் போட்டார். இப்போது வாய் ஓயாமல் அசைகிறது, வெற்றிலை மெல்லுவது மாதிரி. நாக்கு தானாக வெளியே வருகிறது. கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மருந்தை நிறுத்தியும் போகவில்லை. அமெரிக்காவில் 2009இலேயே இதற்காகப் மருந்துக் குறிப்பில் தனிப் பெட்டிக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தார்களாம், பன்னிரண்டு வாரத்துக்கு மேல் எடுக்காதே என்று. எங்களுக்கு வந்த பிளாஸ்டிக் பையில் பெட்டியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

குலைக்காரன்:
அம்மாவுக்கு நடந்தது கொடுமைதான் தங்கச்சி, மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கும் ஒரு ராத்திரியும் ஒன்றா? சரி, மல்லிகை, கழுத்தைத் திருகாத வேறு மருந்து இருக்கிறதா?

மல்லிகை:
ஒண்டான்செட்ரான் இருக்கிறது. டோபமினைத் தொடாது, அதனால் இந்த இழுப்பு மிக அரிது. அதற்காக அள்ளிப் போடும் மிட்டாய் இல்லை. மலச்சிக்கல், தலைவலி வரும், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம். நரம்பில் ஒரே தடவையாக ஏற்றிவந்த 32 மில்லிகிராம் அளவை 2012இல் அமெரிக்காவில் கைவிட வைத்தார்கள். இதய நோயாளி கேட்காமல் எடுக்கக் கூடாது. மெக்ஸலோனுக்கு வருகிறேன்: தூக்கம் வரும், சம்சுவோ பீரோ சேர்ந்தால் இன்னும் மோசம். போட்டுவிட்டு மோட்டார் ஓட்டாதீர்கள், செம்பனை வெட்டவும் போகாதீர்கள்.

செல்லம்மா பேரன்:
இஞ்சி, ஓமம், சீரகத்தண்ணீர். நம் பாட்டிமார் எதைப் போட்டார்கள்? இங்கே எல்லோரும் கம்பெனிக்காரன் விளம்பரத்தை மாற்றி மாற்றிப் படிக்கிறீர்கள்.

பழைய டிரசர்:
பேரனே, மசக்கைக் குமட்டலுக்கு இஞ்சி கொஞ்சம் கேட்கும். கண் குழிந்து, மூத்திரம் போகாமல் கிடக்கிற பிள்ளைக்கு ஓமத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதே. 100 பிளஸ் பானம்கூட வேண்டாம், அதில் சர்க்கரை கூட, உப்பு குறைவு. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை வாங்கி, அதில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில் கரைத்து, ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகக் கொடு. டப்பாவில் இருக்க வேண்டியது அதுதான்.

குலைக்காரன்:
பாக்கெட்டும் வாங்குகிறேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். முன்பு தோட்டத்துக்குள்ளேயே டிரசர் குடியிருந்தார், ராத்திரி கதவைத் தட்டினால் எழுந்து வருவார். இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. டிரசரை எடுத்துவிட்டு, மாத்திரையையும் வைக்காதே என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள் யார் கதவைத் தட்டுவது?

பழைய டிரசர்:
அந்தக் கேள்வியை மேனேஜரிடம் கேள், நானும் கூட வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் ஒரு வேலை சொல். அவளுக்கு இந்த மருந்து இனிமேல் ஆகாது. 'மெட்டோகுளோபிரமைட்' என்று தாளில் எழுதி அவளுடைய ஐசியோடு (அடையாள அட்டையோடு) வைத்துக்கொள்ளட்டும். மெக்ஸலோன் என்று மட்டும் எழுதினால் பயனில்லை, வேறு கிளினிக்கில் வேறு பெயரில் அதே மருந்து வரும். எங்கே போனாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டட்டும்.

குலைக்காரன்:
நாளைக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, பார்ப்பேன், சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இனி எடுத்துக் கொடுக்க மாட்டேன். என் அட்டை மட்டும் டப்பாவில்தான் இருக்கும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மல்லிகை:
காலாவதித் தேதியையாவது பார்த்தீர்களா அண்ணே?