பட்டா இடத்து மரத்தை வெட்டுனா தடுக்க வழியே இல்லையா? உங்க அனுபவம் சொல்லுங்க

கேகே நகர்வாசி:
பக்கத்து தனி வீட்டை ஜேவிக்கு (பில்டரோட சேர்ந்து ஃப்ளாட் கட்டி பங்கு பிரிச்சுக்குறது) விட்டுட்டாங்க, அதுல பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு, தெருவுல பாதி தூரத்துக்கு நிழல் அதோடதுதான். போன மாசம் காலங்காத்தால மெஷின் வாள் சத்தம், ஓடிப்போய் பாத்தா கிளையெல்லாம் ரோட்ல கெடக்கு, வெட்டுன அடிமரத்துல ஈரம் கசியுது, குச்சியும் கட்டுக்கம்பியுமா கட்டுன காக்கா கூடு கவுந்து கெடக்கு. வயிறு எரிஞ்சுதுங்க. மனு குடுக்கலாம்னு விசாரிச்சா, 2021ல கலெக்டர் தலைமையில போட்ட, மரம் வெட்ட அனுமதி குடுக்குற பசுமைக் குழு அரசு நிலத்துல இருக்குற மரத்துக்குத்தானாம், பட்டா இடம்னா ஓனர் இஷ்டம். டெல்லில 1994லயே சட்டம் வந்துடுச்சு, கர்நாடகால 1976லயே, அங்க சொந்த இடத்து மரத்துக்கும் பர்மிஷன் வாங்கணும். நம்ம ஸ்டேட்லயும் 1955 சட்டம் ஒண்ணு இருக்கு, ஆனா அது மலைப்பகுதிக்கு மட்டும். கொடைக்கானல்ல கேள்வி கேக்கலாம், கேகே நகர்ல முடியாது, இது என்னங்க நியாயம்?

வேளச்சேரி அக்கா:
தம்பி, எங்க பக்கம் பெரிய மனையிலயே இதே கதைதான். 3000 சதுர மீட்டர் தாண்டுனா 10% ஓஎஸ்ஆர், அதாவது பொதுவுக்கான திறந்தவெளி, விடணும்னு ரூல் இருக்கு, ஆனா 10000 சதுர மீட்டர் வரைக்கும் எடத்துக்குப் பதிலா கைட்லைன் வேல்யூவை (அரசு வச்சிருக்குற நில மதிப்பு) கட்டிட்டுப் போயிடலாம். எடம் விட்டாலும் ஒரு மூலையில விடுறாங்க, மரம் நிக்கிறதோ நடுவுல. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022ல ராம்சார் அந்தஸ்து (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அங்கீகாரம்) கெடச்சுது, ரொம்ப சந்தோஷம், ஆனா பேரில்லாத குட்டை, அதோட கரையில நிக்கிற புங்கை, பூவரசு இதையெல்லாம் யாரு கணக்குல எடுக்குறா? பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்ல சொன்னாங்கல்ல, அது மாதிரி மத்த மரத்துக்கும் வரணும்.

கேகே நகர்வாசி:
கரெக்ட்டுக்கா. எங்க பின்தெருவுல ஒரு ஓனரம்மா, ப்ளான் போடுறதுக்கு முன்னாடியே பேசுனதுல கார் பார்க்கிங் பில்லரை ரெண்டடி தள்ளிப் போட ஒத்துக்கிட்டாங்க, வேப்பமரம் நிக்குது. ஆனா அது அவங்க நல்ல மனசுக்கா, அப்ரூவ் ஆன ப்ளான்ல அந்த மரத்துக்குன்னு ஒரு வரி கூட இல்ல, நாளைக்கு ஃப்ளாட் வாங்கி வர்றவங்க இலை கொட்டுதுன்னு வெட்டச் சொன்னா எதைக் காட்டி நிறுத்துறது? பட்டா இடத்து மரத்துக்கு யாராச்சும் கோர்ட்ல ஸ்டே வாங்கியிருந்தா, என்ன பாயிண்ட்ல வாங்குனீங்கன்னு கொஞ்சம் விவரமா போடுங்க.