நெல் கொள்வனவு நாளில் திணறிய கனெக்ஷன் பூல்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இரணைமடு:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் கொள்வனவு நிலையம். காலபோக அறுவடை முடிந்து நெல் வரத் தொடங்கியதும் அதன் பதிவுச் செயலி காலையில் நன்றாக ஓடும், பத்து மணிக்குப் பிறகு உறைந்துவிடும். வெளியே உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்க, உள்ளே திரை சுற்றிச் சுற்றி 30 செக்கனில் பிழை காட்டும். சேர்வரை நிறுத்திப் போட்டால் சரியாகும், மத்தியானம் திரும்பவும் அதே கதை. பார்த்துத் தரும்படி என்னைக் கூப்பிட்டார்கள்.

ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் எழுதிய செயலி, பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அந்த 30 செக்கன்தான் முதல் தடயம். ஸ்பிரிங் பூட் 2.0 முதல் கூடவே வரும் ஹிக்காரி பூலில் (தரவுத்தளக் கனெக்ஷன்களைத் திறந்து வைத்து, கேட்பவருக்கு இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கும் தொகுப்பு), நாமாக மாற்றாவிட்டால், அதிகபட்சம் 10 கனெக்ஷன். பத்தும் வெளியே போய்விட்டால் அடுத்து வருபவர் 30 செக்கன் காத்திருந்து பிழையோடு திரும்ப வேண்டியதுதான். ஒருமுறை அதை 50 ஆக்கியும் பார்த்திருக்கிறார்கள். பத்து மணிக்கு வந்த உறைவு பின்னேரத்துக்குத் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. அப்படியென்றால் பூல் சிறியது என்பதல்ல, எங்கோ கசிகிறது.

உறைந்திருக்கும்போதே, எந்தக் கனெக்ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் போஸ்ட்கிரெஸின் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பார்த்தேன். பத்தும் 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்', அதாவது டிரான்ஸாக்ஷனைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா கிடப்பவை. கடைசியாக ஓடியது எல்லாவற்றிலும் ஒரே செலெக்ட், விவசாயியின் பதிவை எடுப்பது. அப்புறம் ஹிக்காரியின் லீக் டிடெக்ஷன் அளவை 20000 மில்லிசெக்கனுக்கு வைத்தேன். அதற்கு மேலும் திரும்பி வராத கனெக்ஷனை எந்த இடத்தில் வாங்கினார்கள் என்று அது லொக்கில் எழுதிவிடும்.

இடம் அகப்பட்டது. டேட்டாசோர்ஸை (பூலிலிருந்து கனெக்ஷன் எடுத்துத் தருவது) வகுப்பு தானே உருவாக்காமல், கன்ஸ்ட்ரக்டர் வழியாக வெளியிலிருந்து முறையாகத்தான் இன்ஜெக்ட் செய்திருந்தார்கள். ஆனால் மெதட்டுக்குள் தாங்களே கனெக்ஷனை வாங்கி, ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையும் தானாகவே உறுதியாவதை) நிறுத்தி, பதிவை எடுத்து, நெல்லின் ஈரப்பதனைச் சரிபார்த்து, கடைசி வரியில் க்ளோஸ் போட்டிருந்தார்கள். ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் நடுவிலேயே எக்ஸெப்ஷன் எழும்பி மெதட் முறிந்துவிடும், க்ளோஸ் வரைக்கும் போகாது. காயாத நெல் வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு கனெக்ஷன் திரும்பாமல் போயிருக்கிறது. மழை தூறிய நாட்களில் நேரத்தோடேயே உறைந்ததற்கும் அதுதான் காரணம்.

நேரடியாக வாங்கிய இடங்களை எடுத்துவிட்டு கனெக்ஷனைத் தானே வாங்கித் திருப்பும் ஸ்பிரிங்கின் ஜேடிபிசி டெம்ப்ளேட்டை இன்ஜெக்ட் செய்தோம், சர்வீஸ் மெதட்டில் டிரான்ஸாக்ஷனல் குறிப்பு போட்டோம். எக்ஸெப்ஷன் வந்தாலும் டிரான்ஸாக்ஷனை முடித்துக் கனெக்ஷனைப் பூலில் சேர்ப்பது இப்போது ஸ்பிரிங்கின் வேலை. கையால் வாங்கியே ஆகவேண்டிய ஓர் அறிக்கைக்கு மட்டும், முடிந்தாலும் முறிந்தாலும் தானாக மூடிவிடும் ட்ரை வித் ரிசோர்ஸஸ். பூல் இப்போதும் அதே 10தான், போதுமாக இருக்கிறது.

இப்படி வேண்டியதை வெளியிலிருந்து தரும் டிபென்டன்சி இன்ஜெக்ஷன் போட்டாயிற்று, இனிக் கனெக்ஷன் பிரச்சினை வராது என்று பலர் நம்புகிறார்கள். கொண்டுவந்து கையில் தருவது பாதி வேலைதான். எப்போது திருப்பி வாங்குவது என்பதையும் தருகிற இடமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓமந்தை:
வவுனியாவில் நான் பார்த்ததும் ஹிக்காரிதான் அண்ணா, ஆனால் வேறு மாதிரி. தரவுத்தளத்தோடு பேசும் ஒவ்வொரு ரெபோசிட்டரி வகுப்பும் தனக்கென்று ஒரு பூலை நியூ போட்டு உருவாக்கிக்கொண்டது. பத்து வகுப்பு, பூலுக்கு 10 கனெக்ஷன், மொத்தம் 100. ஹிக்காரி சும்மா இருக்கும்போதும் பத்தையும் திறந்தே வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் ஏற்கும் கனெக்ஷனின் இயல்பான எல்லை 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. ஆட்கள் வருமுன்னரே இடம் முடிந்துவிட்டது. ஸ்பிரிங் உருவாக்கிப் பேணும் ஒரே டேட்டாசோர்ஸ் பீன், எல்லா வகுப்புக்கும் கன்ஸ்ட்ரக்டர் வழியாக. அவ்வளவுதான் திருத்தம்.

முள்ளியவளை:
நான் வேலை செய்வது மைக்ரோசொஃப்டின் டொட்நெட்டில். பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் பின்னணிச் சேவை ஒன்று, அது சிங்கிள்டன், அதாவது செயலி முழுவதற்கும் ஒன்றே ஒன்று. ஸ்கோப்டாக (ஒரு கோரிக்கைக்கு ஒன்றாக) இருக்க வேண்டிய டிபிகொன்டெக்ஸ்ட்டை, அதாவது தரவுத்தளத்தோடு பேசும் பொருளை, அதன் கன்ஸ்ட்ரக்டரிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு கோரிக்கையோடு முடிய வேண்டியது செயலி நிற்கும்வரை உயிரோடு கிடந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை அதைத் தொட்டதும், முந்தியது முடியுமுன் இரண்டாவது தொடங்கிவிட்டது என்று பிழை. டெவலப்மென்ட் சூழலில் ஓட்டியிருந்தால் தொடக்கத்திலேயே ஸ்கோப் சரிபார்ப்பு பிடித்திருக்கும். அவர்கள் எப்போதும் ப்ரொடக்ஷன் அமைப்பில்தான் ஓட்டினார்கள், அதில் அந்தச் சரிபார்ப்பு இயல்பாக இல்லை. ஸ்கோப் ஃபேக்டரியை இன்ஜெக்ட் செய்து, ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஸ்கோப் திறந்து மூடியதும் தீர்ந்தது.

அறிவியல்நகர்:
நாங்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை பைதனின் ஃபாஸ்ட் ஏபிஐயில் செய்கிறோம் அண்ணா. இதையெல்லாம் அதில் எங்கே வைப்பது?

இரணைமடு:
தரவுத்தளத்துக்கு எஸ்கியூஎல் அல்கெமிதானே, பூலை வைத்திருக்கும் அதன் எஞ்சினை செயலி தொடங்கும்போது ஒரே தடவை உருவாக்குங்கள் தம்பி. செஷனுக்கு (ஒரு கோரிக்கையின் தரவுத்தள வேலைக்கானது) ஒரு டிபென்டன்சி எழுதி, ட்ரைக்குள் யீல்ட் மூலம் அதைக் கொடுங்கள், பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலியில் க்ளோஸ். ரூட்டுகள் டிபென்ட்ஸ் மூலம் அதை வாங்கட்டும், தாங்களாக ஒன்றும் திறக்க வேண்டாம். சோதனை எழுதும்போது டிபென்டன்சி ஓவர்ரைட்ஸில் அந்த ஒரு ஃபங்ஷனை மாற்றினால் போதும். இன்னொன்று: எஸ்கியூஎல் அல்கெமியின் பூல் இயல்பாக 5, தேவைப்பட்டால் மேலதிகமாக 10, ஆக 15 கனெக்ஷன். இது ஒரு வேர்க்கருக்கான, அதாவது தனியாக ஓடும் செயலியின் ஒரு பிரதிக்கான கணக்கு. நான்கு வேர்க்கர் போட்டால் 60 வரை போகும். வேர்க்கரைக் கூட்டுமுன் போஸ்ட்கிரெஸின் எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.