கதைக்கருவை வெளியே சொல்லலாமா?

கேள்வி: முதல் திரைக்கதை எழுதுறேன். ஒன்லைனை (கதைக்கருவை ஓரிரு வரியில சொல்றது) நாலு பேர்கிட்ட சொன்னா சுட்டுடுவாங்களோ?

பதில் 1: ஒன்லைனுக்குப் பதிப்புரிமை கிடையாதுங்க. டிரிப்ஸ்ங்கிற உலக வர்த்தக அமைப்போட அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 9(2) பிரிவுப்படி, கருத்துக்கு இல்ல, எழுதின வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு. அதனால காட்சி வரிசை, வசனம்னு முழுசா எழுதிப் பதிவு பண்ணுங்க. எழுதின தேதியைக் காட்ட, கதையைத் தனக்குத்தானே தபால்ல அனுப்பிக்கிறது பலவீனமான சான்று.

பதில் 2: பதிவு பண்ணிட்டு தாராளமா சொல்லுங்க. பூட்டி வச்ச கதை தேறவே தேறாது! பத்து நிமிஷம் வாயால சொல்லி, கேட்கிறவர் எங்க போனை எடுக்கிறார்னு கவனிங்க. பெரும்பாலும் இடைவேளைக்குப் பிறகுதான். நாயகன் எதுவும் செய்யாம, நடக்கிறதை வேடிக்கை பார்க்கிற இடமா இருக்கும். அதை மாத்தி, வேற ஆள்கிட்ட சொல்லுங்க.

பதில் 3: தயாரிப்பாளர்கிட்ட சொன்னா அன்னிக்கே நன்றி மெயில் போடுங்க, டிராஃப்ட் தேதியோட. பிரச்சினைன்னு வந்தா, அவர் கதையைக் கேட்டார்னு நீங்கதான் நிரூபிக்கணும்.