பொருள்: மடிந்த புரதம், அயற்பிரை (அவசரம், வெள்ளிக்கிழமைக்குள்)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மூளை நோய்கள் பற்றி நான்கு பக்கக் குறிப்பு அச்சுக்குப் போகவேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அல்சைமரில் அமிலாய்டு பீட்டா, டௌ என்ற புரதங்கள் திரள்கின்றன, பார்க்கின்சனில் ஆல்ஃபா சைநியூக்ளின். இதுவரை சரி. ஆனால் ஒரு புரதத்தின் திரள் தன் இனத்தோடு நிற்காமல் வேறொரு புரதத்தையும் கெடுத்துத் திரட்டுகிறதே (டௌவும் சைநியூக்ளினும் சேர்ந்தால் இரண்டுமே நாரிழையாவதை 2003இல் சோதனைக்குழாயில் காட்டினார்கள்), அதற்கு என்ன சொல்? 'குறுக்கு விதைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். தென்னைக்கு நடுவே கடலை போடுவதா டீச்சர் என்கிறார்கள். 'தவறாக மடிந்த புரதம்' (மடிப்பு பிசகி வடிவம் கெட்டது) இன்னும் மோசம். ஒருவன் செத்த புரதம் என்றான், மலையாளம் பேசிப் பழகியவள் 'புரதத்துக்கு மடியா' என்று சிரித்தாள், அங்கே மடி என்றால் சோம்பல்.

பொள்ளாச்சியிலிருந்து:
மலையாளம் மட்டும் இல்லை டீச்சர், குறளில் 'மடியின்மை' ஓர் அதிகாரமே. அது கிடக்கட்டும். பாலுக்குக் குத்தும் பிரை இருக்கிறதே! தன் இனத்தையே உறையவைத்தால் தன்பிரை, வேறு இனம் என்றால் அயற்பிரை. பிரையைப் புரை என்றும் சொல்வார்கள். புரை என்றால் குற்றம், 'புரைதீர்ந்த நன்மை'. புரை என்றால் ஒப்பும்தான், தொல்காப்பியர் 'புரைய' என்பதை மெய்யுவம உருபு எட்டில் ஒன்றாக வைக்கிறார், அதாவது வடிவ ஒப்பு. கெட்ட வடிவம் இன்னொன்றைத் தன் வடிவுக்கு இழுப்பது ஒரே சொல்லில் வந்துவிட்டது. கண்புரையும் விழிவில்லையில் புரதம் திரள்வதுதானே?

வேலந்தாவளத்திலிருந்து:
ஐயா, 'புரையோர்' என்றால் உயர்ந்தோர், அதையும் சேர்த்தால் நோயாளி சந்தோஷப்படுவார். பிரையில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா, அது பெருகி அமிலம் உண்டாக்கித்தான் பால் உறைகிறது. இங்கே உயிரே கிடையாது. 1982இல் புரூசினர் என்ற விஞ்ஞானி, தொற்றும் புரதத்துக்குப் பிரியான் என்று பெயர் வைத்தபோது வந்த சண்டையே அதுதான், வெறும் புரதம் எப்படித் தொற்றும் என்று. பனங்கற்கண்டைப் பாருங்கள். பாகில் நூல் தொங்கும், நாள்கணக்கில் ஒன்றும் தெரியாது, ஒரு பருக்கை பிடித்துவிட்டால் அதன்மேல் அடுத்தது ஏறும். முன்கூட்டியே ஒரு பருக்கையைப் போட்டால் காத்திருப்பு குறையும். நாரிழையும் இப்படித்தான், நுனியில் ஒவ்வொன்றாக ஒட்டி நீள்கிறது. 'அயற்கண்டு' என்போம். நூல்கண்டும் கண்டுதான்.

பொள்ளாச்சியிலிருந்து:
நூல்கண்டு தமிழ். கற்கண்டின் கண்டு வடமொழிக் 'கண்டம்'. இரண்டுக்கும் பிறப்பே வேறு.

வேலந்தாவளத்திலிருந்து:
அமிலாய்டு எந்தச் சங்கப்பாட்டில் வருகிறது ஐயா?

கொல்லங்கோட்டிலிருந்து:
சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. என் அப்பாவுக்குப் பார்க்கின்சன், இரண்டு வருடமாக மறதியும் சேர்ந்துகொண்டது. இரண்டு நோயின் திரளும் ஒரே மூளையில் இருப்பது பலருக்கு உண்டு என்று டாக்டர் சொன்னதை வீட்டில் விளக்கத் தெரியாமல் இருந்தேன். நேற்று அம்மாவிடம் 'அயற்பிரை' என்று சொல்லிப் பார்த்தேன். "ஏன், பக்கத்து வீட்டு மோரா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் மேலே கேட்கவில்லை, அப்பாவுக்குக் கஞ்சி கரைக்கப் போய்விட்டாள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
நாலு பேர் பிரைக்கு, ஒருவர் கண்டுக்கு, மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போல. 'அயல்பிரை' என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், பிள்ளைகள் வாயில் றகரம் சிக்குகிறது. 'மடிந்த' போய் 'மடிப்புப் பிறழ்ந்த' ஆகியிருக்கிறது. பாக்டீரியா சமாச்சாரத்தை அடியில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து:
அடியில் ஒரு வரி தேவைப்படும் உவமை என்ன உவமை? என் ஓட்டு கண்டுக்குத்தான், எழுதி வையுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:
அயல்பிரை இல்லை டீச்சர், அயற்பிரை. அச்சகத்துக்கு இன்னொரு தடவை போன் பண்ண முடியுமா?