வேர்ட்பிரஸ் தொகுப்பில் எந்த பிளகின்களைச் சேர்ப்பது?

செங்கோட்டைக்காரன்:
செங்கோட்டை, புனலூர் பக்கத்துக் கடைகளுக்காகத் தமிழும் மலையாளமும் சேர்ந்த ஒரு வேர்ட்பிரஸ் (இணையதளம் அமைக்கும் மென்பொருள்) தொகுப்பை ஓப்பன் சோர்ஸாக வெளியிடப் போகிறேன். படிவம், பேக்கப், கேச் (பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டுவது) என்று ஆளாளுக்குக் கேட்கும் பிளகின்களை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்களை, எல்லாம் உள்ளே திணித்துவிடலாமா?

தென்மலை:
வேண்டாம் அண்ணாச்சி. வேர்ட்பிரஸே பல வருடங்களாக அகிஸ்மெட், ஹலோ டாலி என்று இரண்டு பிளகின்களைத்தான் கூடவே அனுப்பியது. டாலி நிர்வாகப் பக்க மூலையில் ஒரு பாட்டு வரி காட்டும், அவ்வளவுதான். அகிஸ்மெட் ஸ்பாம் தடுப்பான், அதன் தளத்தில் பதிந்து வாங்கும் ஏபிஐ சாவி போட்டால்தான் ஓடும், பின்னூட்டங்களை வெளி சர்வருக்கு அனுப்பித்தான் ஸ்பாமா என்று பார்க்கும், கடைத் தளம் என்றால் கட்டணமும் உண்டு.

ஆரியங்காவு:
இரண்டு மொழிக்கு பாலிலாங் என்ற பிளகின் போதும். ஆக்டிவேட் செய்யாமல் சும்மா கிடக்கிற பிளகினில் பாதுகாப்பு ஓட்டை இருந்தாலும் ஆபத்துதான், கோப்பு சர்வரில் இருக்கிறதே. கேச் பல ஹோஸ்டிங்கில் ஏற்கெனவே இருக்கும், நாமும் ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் மோதலாம்.

செங்கோட்டைக்காரன்:
சரி, பாலிலாங்கும் படிவமும் மட்டும். அப்புறம் பேக்கப்?

தென்மலை:
அதை ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள்.